பாலூட்டும் அறையின் இரண்டாம் கதவு

உங்கள் வீட்டுக்காரர் சாவி வாங்கிக்கொண்டு வருவதற்குள், பூட்டிய இந்தக் கதவை நான் ஏன் உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன், அக்கா. நீங்கள் சந்தேகப்பட்டதில் தவறில்லை. பேருந்து நிலையத்தில், தாய்மார் பாலூட்டும் அறையின் நிலைப்படியில் ஒருத்தி அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தால் நானும் சந்தேகப்பட்டிருப்பேன். பிள்ளை தூங்குகிறான் அல்லவா? நல்லது. அவன் எழுவதற்குள் முடித்துவிடுவேன்.

விஷயத்துக்குள் போவதற்கு முன் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை மூன்று.

முதலாவது, நான் கட்டடக்கலை படிக்கிறவள். பெயர் கோதை. எங்கள் படிப்பில் பெரிய தேர்வுக்கு ஜூரி என்று பெயர். நாங்கள் வடிவமைத்ததை நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் முன் வைத்துவிட்டுப் பக்கத்தில் நிற்க வேண்டும். வெளியூரிலிருந்து வரும் தேர்வாளர் ஒருவர் அதைக் கிழிப்பார். தாளை அல்ல, நம்மை. கிழித்து முடித்த பிறகு தேநீர் கொடுப்பார்கள், நமக்கல்ல, அவருக்கு.

இரண்டாவது, கேம் எஞ்சின். உங்கள் தம்பி கைப்பேசியில் துப்பாக்கி தூக்கிக்கொண்டு ஓடுவான் என்றீர்களே, அந்த மாதிரி விளையாட்டுகளைச் செய்கிற மென்பொருள் அது. ஒரு கட்டடத்தை முதலில் கணினியில் முப்பரிமாணத்தில் உருவாக்கி, அதைக் கொண்டுபோய் இந்த எஞ்சினுக்குள் வைத்தால், இன்னும் கட்டாத கட்டடத்துக்குள் நடந்து பார்க்கலாம். ஆனால் அங்கே ஒரு விசித்திரம் உண்டு. கண்ணுக்குத் தெரிகிற சுவர் வேறு, ஆளைத் தடுக்கிற சுவர் வேறு. இரண்டையும் தனித்தனியாக வைக்க வேண்டும். தடுக்கிற சுவரை வைக்க மறந்தால் ஆள் கருங்கல்லுக்குள் புகுந்து மறுபக்கம் வந்துவிடுவார். தெரிகிற சுவர் இல்லாமல் தடுக்கிற சுவரை மட்டும் வைத்தால் என்ன ஆகும் என்பதைப் பிறகு சொல்கிறேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

மூன்றாவது, என் சுபாவம். என் அம்மா தமிழாசிரியை. எங்கள் வீட்டில் எழுவாய் இல்லாத வாக்கியத்துக்குக் குழம்பு கிடைக்காது. ஆகவே நான் பேசினால் இப்படித்தான் வரும். கல்லூரிப் பேருந்து ஓட்டுநர் என்னை ‘நியூஸ் வாசிக்கிற புள்ள’ என்பார். நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். எதையும் முறைப்படி செய்ய வேண்டும், எதற்கும் ஒரு பெயர் இருக்க வேண்டும், எந்தப் பெயரும் ஒரே ஒழுங்கில் இருக்க வேண்டும் என்பது என் கொள்கை. இந்தப் பெயர் விஷயத்தை மட்டும் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அக்கா.

இனி விஷயம்.

நான்காம் ஆண்டில் இருவர் இருவராகச் சேர்ந்து ஒரு பேருந்து நிலையம் வடிவமைக்க வேண்டும். அதை கேம் எஞ்சினில் நடந்து காட்ட வேண்டும். எனக்கு வாய்த்த இணை ஷமீமா. வடிவமைப்பு என் பொறுப்பு, எஞ்சின் அவள் பொறுப்பு. ஷமீமாவுக்கு அது வெறும் தேர்வு அல்ல. சென்னையில் விளையாட்டுகள் செய்யும் ஒரு நிறுவனம் அவளைப் பார்த்துப் பிடித்துப்போய், ‘இந்தப் பாடத்தில் தேறிவிட்டு வா, பயிற்சிக்கு இடம் தருகிறோம்’ என்று சொல்லியிருந்தது. தேறாவிட்டால் இடம் வேறொருவருக்குப் போய்விடும். அவளுடைய அத்தா அதற்குள் நான்கு தெருவுக்கு ‘எம் புள்ள மெட்ராஸ் போறா’ என்று சொல்லியாயிற்று. ஆக, என் கட்டடத்தின் தலையில்தான் அவளுடைய வேலை உட்கார்ந்திருந்தது. இதை அவள் ஒரு முறைகூட என்னிடம் சொல்லிக்காட்டவில்லை. நான்தான் அவளுக்கு அடிக்கடி நினைவூட்டினேன்.

நான் கட்டடத்தை எப்படிச் செய்தேன் தெரியுமா? காத்திருப்போர் கூடத்தில் இரும்பு இருக்கைகள். இருக்கைக்கு போல்ட். போல்ட்டுக்கு மரை. மரை ஒவ்வொன்றையும் சுற்றுச் சுற்றாகச் செதுக்கினேன். அந்தக் கோப்பைத் திறந்தால் லேப்டாப் விசிறி இரைந்த இரைச்சலில் விடுதிக் காப்பாளர் வந்து, “ரூமுல கிரைண்டர் வெச்சிருக்கீங்களா?” என்று கேட்டார்.

ஷமீமா தலையில் அடித்துக்கொண்டாள். “ஏய் கோத, யாருடி பெஞ்சுக்கு அடியில படுத்து போல்ட்டு மரைய எண்ணப் போறா?”

“எண்ணினால் சரியாக இருக்க வேண்டும் அல்லவா?”

“எண்ணுறதுக்கு முன்னாடி லேப்டாப்பு செத்துரும். அப்புறம் ரெண்டு பேரும் ஜூரியில கைய ஆட்டி ஆட்டி நடிச்சுத்தான் காட்டணும்.”

அவளுடைய முறை வேறு. கூடத்தின் நடுவில் நான் ஒரு வேப்பமரம் கேட்டேன். அவள் மரத்தின் படத்தை ஒரு தட்டையான பலகையில் ஒட்டி நட்டுவைத்தாள். நாம் எந்தப் பக்கம் போனாலும் அந்தப் பலகை நம் பக்கமே திரும்பிக்கொள்ளும். ஆகவே மரம் மாதிரியே தெரியும். நான் அதிர்ந்துபோனேன். இது மோசடி என்றேன். இல்லாத ஒன்றை இருப்பதாகக் காட்டுவது வடிவமைப்பு அறத்துக்குப் புறம்பானது என்று கொஞ்ச நேரம் பேசினேன். கொஞ்ச நேரம் என்பது என் கணக்கு. ஷமீமா அதற்குள் ஒரு தோசை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தாள்.

“முடிஞ்சுதா, நியூஸு? சரி, மரத்துக்குக் காத்து வேணுமா, வேண்டாமா?”

வேண்டும் என்றேன். பலகை அழகாக அசைந்தது. அது வேறு விஷயம்.

இப்போது அந்த அறைக்கு வருகிறேன். என் பேருந்து நிலையத்திலேயே நான் மிகவும் பெருமைப்பட்ட இடம் தாய்மார் பாலூட்டும் அறைதான். மற்ற ஊர்களில் அதைக் கழிப்பறைக்குப் பக்கத்திலோ படிக்கட்டுக்கு அடியிலோ வைத்திருப்பார்கள். இதோ, இங்கேயும் பாருங்கள். நான் அதை நடுவில் வைத்தேன். ஒரு கதவு கூடத்தின் பக்கம். இன்னொரு கதவு பேருந்துகள் நிற்கும் பக்கம். அம்மா உள்ளே உட்கார்ந்திருக்கும்போது அவளுடைய பேருந்து வந்துவிட்டால், சுற்றிக்கொண்டு ஓட வேண்டாம். இரண்டாம் கதவைத் திறந்தால் எதிரே பேருந்து. இரண்டு கதவுகளும் வேப்பமரமும் நுழைவாயிலும் ஒரே நேர்கோட்டில் இருந்தன. அந்தக் கோட்டை இம்மானுவேல் சார், அவர்தான் எங்கள் பேராசிரியர், தம் பேனாவால் தொட்டு, “பியூட்டிஃபுல்” என்றார். அதற்கு முன் அவர் யாரையும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அன்று விடுதிக்கு நடந்து போகாமல் ஆட்டோவில் போனேன்.

ஷமீமா கட்டடத்தை எஞ்சினுக்குள் வைத்துக் கூட்டத்தை இறக்கினாள். கூட்டம் என்றால் பொம்மை மனிதர்கள். இலவசமாகக் கிடைத்தவர்கள் எல்லோரும் கோட்டு போட்ட வெள்ளைக்காரர்கள். அவள் பொறுமையாக உட்கார்ந்து அவர்களுக்கு வேட்டியும் சேலையும் கட்டிவிட்டாள். ஒருவருக்குத் தோளில் ஒரு வாழைத்தார். அவர்களுக்கு ‘உன் பேருந்து அங்கே நிற்கிறது’ என்று மட்டும் சொல்ல வேண்டும். வழியை அவர்களே கண்டுபிடிப்பார்கள். எது குறுக்கோ அதுதான் அவர்களுக்கு வழி.

நான் அவர்களுக்காக வளைந்த நடைபாதை அமைத்திருந்தேன். நிழல், இருக்கை, குடிநீர்க் குழாய் எல்லாம் வைத்திருந்தேன். ஷமீமா பொத்தானை அழுத்தினாள். நுழைவாயிலில் நுழைந்த ஊரே என் வளைந்த நடைபாதையைத் திரும்பியும் பார்க்காமல் பாலூட்டும் அறைக்குள் புகுந்தது. முன் கதவில் நுழைந்து பின் கதவில் வெளியேறியது. வேட்டி கட்டியவர்கள், பெட்டி தூக்கியவர்கள், எல்லோரும். வாழைத்தார்க்காரர் வாசலில் சற்றுத் தேங்கி, தாரை ஒருக்களித்துக்கொண்டு உள்ளே போனார். உள்ளே ஷமீமா உட்கார வைத்திருந்த ஒரே ஓர் அம்மா, மடியில் பிள்ளையோடு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஷமீமா சிரித்துச் சிரித்துக் கட்டிலிலிருந்து கீழே இறங்கிவிட்டாள். “கோத! நீ கட்டுனது ரூமு இல்லடி, சந்து!”

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “பின் கதவ எடுத்துட்டு ஒரு ஜன்னல் வெச்சுரு. இல்லைன்னா ரூம ஓரத்துக்குத் தள்ளு. ஒரு மணி நேர வேலை” என்றாள்.

ஒரு மணி நேர வேலைதான். ஆனால் நேர்கோடு போய்விடும். பேனாவால் தொட்ட நேர்கோடு. என்னால் முடியவில்லை, அக்கா.

பிள்ளை நெளிகிறானா? ஒரு நிமிடம். முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டேன்.

ஷமீமா ஊருக்குப் போயிருந்த வாரக் கடைசியில் நானே எஞ்சினைத் திறந்தேன். இரண்டாம் கதவின் வாசலில், தெரியாத சுவர் ஒன்றை வைத்தேன். கதவு திறந்தே இருக்கும், அப்பால் பேருந்து தெரியும், வெளிச்சம் வரும், நேர்கோடும் அப்படியே இருக்கும். ஆள் மட்டும் போக முடியாது. கூட்டத்தை இறக்கிப் பார்த்தேன். ஊரே சாதுவாக என் வளைந்த நடைபாதையில் நடந்தது. வாழைத்தார்க்காரர் குடிநீர்க் குழாயைக் கடந்து போனபோது எனக்குக் கண் கலங்கியது.

திரும்பி வந்த ஷமீமா பார்த்துவிட்டு, “அட, எப்படிடி சரி பண்ணுன?” என்றாள்.

“வடிவமைப்பில் ஒரு நுட்பமான திருத்தம்” என்றேன்.

பலகை மரத்தை மோசடி என்று சொன்னவள் நான்தான். அது எனக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை. மரம் வேறு, சுவர் வேறு என்று ஒருவேளை எண்ணியிருக்கலாம்.

ஜூரி வந்தது. வெளித் தேர்வாளர் பத்மலோசனி அம்மையார். வெள்ளை முடி, பருத்திச் சேலை, காலில் ஓட்டப்பந்தயக்காரர்கள் போடும் காலணி. எங்களுக்கு முன்னால் போனவர்களின் பேருந்து நிலையத்தில் ஏறி, “இந்தப் படியில என் முட்டி ஏறாது” என்று சொல்லிவிட்டு இறங்கியவர். எங்கள் முறை வந்தபோது கட்டடத்துக்குள்ளேயே நிற்பது போலக் காட்டும், கண்ணை மூடி மாட்டுகிற வி.ஆர். கருவியைத் தாமே வாங்கி மாட்டிக்கொண்டார். அவர் பார்ப்பது திரையிலும் தெரியும், வகுப்பே பார்த்துக்கொண்டிருந்தது.

“எனக்கு எல்லாத்தையும் சுத்திக் காட்டாதீங்க. நான் கைக்குழந்தையோட வந்திருக்கேன். குழந்தை அழுவுது. எங்க போகணும்?”

நான் மலர்ந்துபோனேன். வேறு எதைக் கேட்டிருந்தாலும் அவ்வளவு மலர்ந்திருக்க மாட்டேன். “நேராக வாருங்கள், அம்மா. வேப்பமரத்தைக் கடந்தால் எதிரே உங்கள் அறை.”

போனார். மரத்தைப் பார்த்து, “நல்லா ஆடுதே” என்றார். உள்ளே நுழைந்தார். உட்கார்ந்தார். “நல்ல வெளிச்சம். யாரும் எட்டிப் பாக்கல. நல்லாருக்கு.” நான் இம்மானுவேல் சாரைப் பார்த்தேன். அவர் தலையசைத்தார். அந்த இடத்திலேயே ஜூரி முடிந்திருந்தால் நான் இன்று வேறு மாதிரி பேசிக்கொண்டிருப்பேன்.

அப்போது பேருந்து ஹாரன் அடித்தது. ஷமீமா சேர்த்திருந்த ஒலி. அசல் டவுன் பஸ் ஹாரன். கேட்டாலே எழுந்து ஓடத் தோன்றும். அம்மையார் எழுந்தார். “ஓ, இதுக்குத்தான் ரெண்டாவது கதவா! கெட்டிக்காரிதான்.” நேராக அந்தக் கதவுக்கு நடந்தார்.

நின்றார்.

மறுபடி நடந்தார். நின்றார். கையை நீட்டி வகுப்பறைக் காற்றைத் தடவினார். திரையில் கதவு விரியத் திறந்திருந்தது. அப்பால் பேருந்தின் படிக்கட்டுகூடத் தெரிந்தது.

“கதவு திறந்திருக்கு. பஸ்ஸு தெரியுது. ஏம்மா போக முடியல?”

ஹாரன் இன்னொரு முறை அடித்தது. பேருந்து புறப்பட்டது. அவர் கதவோரம் நின்று அது போவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“போயிருச்சு” என்றார்.

அக்கா, நான் பதில் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன். என்ன சொன்னேன் என்பதைத் துல்லியமாகச் சொல்கிறேன், ஏனெனில் இதைப் பலரும் பலவிதமாகச் சொல்லித் திரிகிறார்கள். “எஞ்சினில் ஏதோ கோளாறு, அம்மா” என்றேன். அவ்வளவுதான். ஷமீமா என்ற பெயரை நான் உச்சரிக்கவே இல்லை. கோளாறு எஞ்சினுக்குள்தான் இருந்தது. ஆகவே வாக்கியம் பிழையற்றது.

இம்மானுவேல் சார் திரும்பினார். “எஞ்சின் ஷமீமா பொறுப்புதானே?”

ஷமீமா என்னைப் பார்த்தாள். அவளுக்கு அந்த நொடியில்தான் என் நுட்பமான திருத்தம் என்னவென்று புரிந்தது என நினைக்கிறேன். கோபப்படவில்லை. “ஆமா சார். நாந்தான் எதையாச்சும் மாத்தி வெச்சிருப்பேன். பாத்துடுறேன் சார்” என்று லேப்டாப்பின் முன் உட்கார்ந்தாள். சென்னை, அத்தா, நான்கு தெரு, எல்லாம் அவள் முதுகில் தெரிந்தன. நான் அவள் பின்னால் ஒழுங்காகக் கைகட்டி நின்றுகொண்டிருந்தேன்.

தெரியாத சுவர்களை எல்லாம் தெரிய வைக்கும் பொத்தான் ஒன்று எஞ்சினில் உண்டு. அவள் அதை அழுத்தினாள். இரண்டாம் கதவு நிறைய ஒரு சிவப்புச் சுவர் எழுந்து நின்றது. அழிப்பதற்காக அதைத் தொட்டாள். தொட்டால் அந்தப் பொருளின் பெயர் திரையின் ஓரத்தில் வரும்.

என் கொள்கையை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னேனே. ஷமீமா செய்த பொருள்களின் பெயர்களைப் பார்த்தால் உங்களுக்கு அழுகை வரும்: ‘டப்பா 47’, ‘டப்பா கடைசி’, ‘டப்பா கடைசி நிஜமா’. நான் அப்படியெல்லாம் வைப்பவள் அல்ல. செய்தவர் பெயர், இடம், தன்மை, வரிசை எண் என்று முறையாக வைப்பேன். தவறு செய்தாலும் முறையாகச் செய்பவள். ஆகவே ப்ரொஜெக்டர் அதைச் சுவரளவுக்குப் பெரிதாக்கிக் காட்டியது:

‘கோதை - பாலூட்டும் அறை - தெரியாத சுவர் - 01.’

ஷமீமா சட்டென்று லேப்டாப்பைப் பாதி மூடினாள். எனக்காக. ஆனால் ப்ரொஜெக்டருக்கு மூடுவது தெரியாது. பின்வரிசையில் ஒருவன் எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்தான். வகுப்பு சிரிக்கத் தொடங்கியபோது அம்மையார் கருவியைக் கழற்றினார். திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“சுழியம் ஒண்ணு போட்டிருக்கியே. இன்னும் வைக்கிறதா இருந்தியா?”

இதற்கு ஷமீமாவும் சிரித்துவிட்டாள். என் மனக்குறை அதுதான், அக்கா. மற்றவர்கள் சிரித்ததை நான் பொருட்படுத்தவில்லை. எனக்காகப் பழியை ஏற்கத் தயாராக இருந்தவள், நான் அகப்பட்ட பிறகு அப்படிச் சிரித்திருக்கக் கூடாது. கொஞ்சம் காத்திருந்து வெளியில் வந்து சிரித்திருக்கலாம்.

அடடா, அழுகிறானே. உங்கள் வீட்டுக்காரரை இன்னும் காணோம். சாவி வைத்திருப்பவர் டீ குடிக்கப் போயிருப்பார். எல்லா ஊரிலும் சாவி டீக்கடையில்தான் இருக்கிறது. சரி, நீங்கள் இந்தப் படியிலேயே சுவரோரமாக உட்காருங்கள். நான் முன்னால் நின்றுகொள்கிறேன். துப்பட்டாவை இப்படி விரித்துப் பிடித்தால் போதும். ஏங்க, அந்தப் பக்கம் போங்க! ஆமா, உங்களைத்தான், பெட்டியோட வர்றவரே! சுத்திக்கிட்டுப் போங்க!

பார்த்தீர்களா, அவசரத்தில் எனக்கும் எழுவாய் விட்டுப்போகிறது.

நீங்கள் பாட்டுக்குக் கொடுங்கள். பிறகு முடிவான விஷயங்களை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று. ஷமீமா அன்றே தேறினாள். அவளுடைய ஹாரனுக்கு அம்மையார் தனியாக மதிப்பெண் போட்டார் என்று சொல்கிறார்கள். சென்னையில் சேர்ந்துவிட்டாள்.

இரண்டு. நான் மறு ஜூரிக்குப் போக வேண்டியதாயிற்று. பின் கதவை எடுத்துவிட்டு ஜன்னல் வைத்தேன். ஒரு மணி நேரம் ஆகவில்லை, அதற்கும் குறைவு. நேர்கோடு உடைந்தது. அதை யாருமே கவனிக்கவில்லை. இம்மானுவேல் சாரும் கவனிக்கவில்லை. எதில் அதிகம் வலித்தது என்று கேட்டால் இதில்தான்.

மூன்று. கதவை எடுத்த பிறகு கூட்டம் வளைந்த நடைபாதையில் போகும் என்று நம்பினேன். போகிறது, ஆனால் வேப்பமரத்துக்குள் புகுந்து போகிறது; அன்று வாழைத்தார்க்காரரைப் பார்த்துக் கண் கலங்கியதில் நான் அதைக் கவனிக்கவில்லை. பலகைக்குத் தடுக்கிற சுவர் வைக்க ஷமீமா மறந்திருந்தாள். நான் வைக்கவில்லை. தேறிவிட்டேன்.

நான்கு. எங்கள் கல்லூரியில் இளையவர்கள் யாராவது வேண்டாத இடத்தில் தெரியாத சுவர் வைத்தால் இப்போது அதற்குப் பெயர் ‘கோதை’. “அண்ணா, மாடிப்படியில ஒரு கோதை இருக்கு, எடுத்துருங்க” என்று பேசிக்கொள்கிறார்கள். ஒழுங்கான பெயர் இல்லை. வரிசை எண் இல்லை.

ஐந்து. ஷமீமா சொல்லி அந்தச் சென்னை நிறுவனத்தில் எனக்கும் பயிற்சிக்கு இடம் கிடைத்திருக்கிறது. இப்போது அங்கேதான் போகிறேன். என் வேலை, மற்றவர்கள் செய்துவைத்த ஆயிரக்கணக்கான டப்பாக்களுக்கு முறையாகப் பெயர் வைப்பது. “ஒனக்குன்னே செஞ்ச வேலடி, வந்து சேரு” என்று வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியிருந்தாள். நான் அவளிடம் அந்த வாக்கியத்துக்காக இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. பிழையற்ற வாக்கியத்துக்கு எப்படிக் கேட்பது என்று வழி நெடுகச் சொற்களை அடுக்கிக்கொண்டு வந்தேன்; ஒன்றும் நிற்கவில்லை. கோயம்பேட்டில் என் பேருந்துக்காக வந்து நிற்பதாக இன்று காலை போனில் சொன்னவளை வேண்டாம் என்றேன். ‘வேணாம்னாலும் வருவேன்’ என்றாள்.

ஆறு. இதோ உங்கள் வீட்டுக்காரர் வருகிறார். கையில் சாவி இருக்கிறது. அதை நம்பி எழுந்திருக்காதீர்கள். நான் சாவித் துவாரத்தில் ஏற்கெனவே பார்த்துவிட்டேன், உள்ளே உடைந்த நாற்காலிகளும் துடைப்பங்களும்தான் இருக்கின்றன. ஒரே கதவு.

குடித்து முடித்துவிட்டானா? ஹாரன் கேட்கிறதே, உங்கள் பேருந்தா அது? இருங்கள், என் முதுகுக்குப் பின்னால் இருந்தால் உங்களுக்கு எப்படித் தெரியும். பையை நான் எடுத்துத் தருகிறேன். போங்கள், அக்கா, போங்கள்.

நான் நகர்ந்துகொள்கிறேன்.